நாற்பத்தேழு மில்லிமீட்டர் பயம்

மிர்க்காவின் வேலை தராசு பார்ப்பது. காரின் பின்பக்கம் எஃகு எடைக்கற்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். கடைகளிலும் மர ஆலைகளிலும் மீன் சந்தையிலும் உள்ள தராசுகள் ஒழுங்காக நிறுக்கின்றனவா என்று பார்ப்பாள். ஒழுங்காக இருந்தால் பச்சைச் சீட்டு ஒட்டி, கெடு தேதியும் தன் பெயரின் முதலெழுத்துகளும் எழுதுவாள். இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. பதினோரு வருடத்தில் அவள் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. ஒரு கசாப்புக் கடைக்காரர் அவளைப் பார்த்துக் கத்து கத்தென்று கத்தினார். அவர் முடிக்கும்வரை நின்றிருந்தவள், "நாற்பது கிராம்" என்று மட்டும் சொல்லிவிட்டு சிவப்பை ஒட்டிவிட்டு வந்தாள்.

அப்படிப்பட்டவள் தன் சொந்தப் பயத்தைத் தப்பாக அளந்து கொடுத்தாள். அதுவும் எழுத்துமூலமாக.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். வயிற்றில் இருக்கும் குழந்தையை ஒரு தேதி குறித்து, அந்தத் தேதியில் வயிற்றைக் கிழித்து, உயிரோடு வெளியே எடுத்துவிட வேண்டும். கடைசி வாரங்கள் வரை காத்திருக்க அவளால் முடியாது. ஒருமுறை காத்திருந்தாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், முப்பத்தொன்பதாவது வாரத்தில், ஐலி என்று பெயர் வைத்திருந்த பெண் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. எடை மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிராம். பிரசவ வார்டில் இருந்த அந்தத் தராசை அதே வருடம் பிப்ரவரியில் பார்த்துப் பச்சை ஒட்டியவளே மிர்க்காதான். அதனால் அந்த நாளைப் பற்றி அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்த எடை ஒன்றுதான்.

சிசேரியன் வேண்டும் என்று கேட்பது பெரிய காரியமா என்று தோன்றலாம். கேட்கவேண்டியது ஒரு சாவோக்காரி, கேட்டுக்கொள்ளவேண்டியது இன்னொரு சாவோக்காரி என்றால் பெரிய காரியம்தான். பின்லாந்தில் மற்ற பக்கத்து ஆட்களே பேச்சில் சிக்கனம். கிழக்கே இந்த சாவோ ஏரிக்கரைகளில் பிறந்தவர்களோ ஆமாம் என்றும் சொல்லமாட்டார்கள், இல்லை என்றும் சொல்லமாட்டார்கள். வீடு தீப்பிடித்தால்கூட, கொஞ்சம் சூடாக இருக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். புரிந்துகொள்வது கேட்கிறவர் பாடு.

தாய்சேய் நிலையத்தில் நர்ஸ் ரய்யா முப்பது வருடமாக இந்தப் பாட்டைப் பட்டுக்கொண்டிருப்பவள். டிசம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மிர்க்காவின் இரத்த அழுத்தத்தை எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்புறம், பிரசவத்தைப் பத்தி ஏதாச்சும் யோசிச்சிருப்பீங்க போல?"

"யோசிச்ச மாதிரிதான் இருக்கு."

"ம்."

"ஒரு தேதி பார்த்து ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா ஒருவேளை தேவலையோன்னு தோணிச்சு. தோணாமலும் இருந்திருக்கலாம்."

"அப்படியும் இருக்கலாம்" என்றாள் ரய்யா.

ஆபரேஷனைப் பற்றிய அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன்னால் மிர்க்கா வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து இருபது நிமிடம் அழுதுவிட்டு வந்திருந்தாள். அதை அவள் சொல்லவில்லை. அவளுடைய கண்கள் சிவந்திருந்ததை ரய்யா பார்த்தாள், வெளியே குளிர் அதிகம் என்றாள். ஆமாம், மைனஸ் பதினெட்டு என்றாள் மிர்க்கா. அத்தோடு அந்த விஷயம் முடிந்தது.

பிரசவத்துக்குப் பயப்படுகிற பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் தனியாக ஒரு பிரிவு உண்டு. அதன் முழுப்பெயர் ஒரு வரி நீளம், அதனால் எல்லோரும் பயப் பிரிவு என்பார்கள். சிசேரியன் கேட்பவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் போகவேண்டும். அங்கே போக ஒரு படிவம். படிவத்தில் ஒரு கோடு. கோட்டின் இடது முனையில் 'பயமே இல்லை', வலது முனையில் 'தாங்க முடியாத பயம்'. வரப்போகும் பிரசவத்தை நினைத்தால் எப்படி இருக்கிறது என்று கோட்டில் ஓரிடத்தில் குறி போடவேண்டும். நர்ஸ் அதை ஸ்கேல் வைத்து அளப்பாள். பத்து சென்டிமீட்டரில் ஐந்தைத் தொட்டால் பயப் பிரிவு. தொடாவிட்டால் வழக்கமான கவனிப்பு.

மிர்க்கா பேனாவை வாங்கினாள். கோட்டை ஒருமுறை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். நடுவுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக, சுத்தமான ஒரு சிறிய செங்குத்துக் கோடு போட்டாள்.

ரய்யா தன் பேத்தியின் இளஞ்சிவப்பு ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தாள். "நாலு புள்ளி ஏழு" என்றாள். அந்தக் குரலில் ஏதாவது இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். பிறகு பரிந்துரைக் கடிதம் எழுதினாள்: முன்பு ஓர் இழப்பு. தாய் நன்றாகத் தேறியிருக்கிறார். அறுவை சிகிச்சையில் ஓரளவு விருப்பம் இருக்கக்கூடும்.

இரண்டு சாவோக்காரிகள் சேர்ந்து உருவாக்கிய அந்தக் கடிதத்தைப் படித்தால், ஏதோ சுற்றுலா போக விருப்பப்படும் பெண்ணைப் பற்றியது மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வாரம் கழித்து, பரிந்துரை நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யவில்லை, கூடுதல் ஸ்கேன்களோடு வழக்கமான கவனிப்பு போதும் என்று பதில் வந்தது.

மிர்க்கா கடிதத்தை இரண்டு முறை படித்து, சமையலறை மேஜைமேல் வைத்தாள். கணவன் யோவ்னி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அவன் பனி அள்ளும் வண்டி ஓட்டுபவன். பேசாமல் இருப்பதில் மனைவியைவிட இரண்டு படி மேல்.

"என்ன சொல்றாங்க?"

"முடியாதாம்."

"ம்" என்றான் யோவ்னி. இன்னொரு கிழங்கை எடுத்தான். அது சின்னக் கிழங்கு. அதை உரிக்க அவனுக்கு நாலு நிமிடம் ஆனது.

"நீ எவ்வளவு போட்ட?"

"நாலு புள்ளி ஏழு."

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டான்.

கடிதத்தோடு அவளுடைய படிவத்தின் நகலும் வந்திருந்தது. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது மிர்க்காவின் கண் அதன்மேல் போனது. அந்தக் கோட்டில் ஏதோ இடித்தது. பெட்டியிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்தாள். வைத்துப் பார்த்தாள். அப்படியே ஒரு நிமிடம் நின்றாள். தாய்சேய் நிலையத்துக்குப் போய், புதிய படிவம் ஒன்று கொடுங்கள் என்று ரய்யாவிடம் வாங்கி, அதையும் அளந்தாள். கோடு பத்து சென்டிமீட்டர் இல்லை. ஒன்பது புள்ளி ஆறு. யாரோ எந்தக் காலத்திலோ நகல் எடுத்தபோது சுருங்கியிருக்கிறது. அந்தச் சுருங்கிய கோட்டில்தான் மாகாணத்துப் பெண்கள் அத்தனை பேரும் வருடக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தார்கள்.

மிர்க்காவுக்கு அன்றைக்கு வந்த கோபம் அவள் வாழ்க்கையிலேயே பெரியது. குழந்தை போனபோது வராத கோபம், முடியாது என்று கடிதம் வந்தபோது வராத கோபம், நாலு மில்லிமீட்டருக்காக வந்தது. கோபம் எங்கே வாசல் திறந்திருக்கிறதோ அங்கேதான் நுழையும். அவள் ஆஸ்பத்திரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். 'உங்கள் படிவத்தில் உள்ள அளவுக்கோடு 100 மி.மீ. அல்ல, 96 மி.மீ. எல்லா முடிவுகளும் நான்கு சதவீதம் குறைவாக வருகின்றன. திருத்தவும்.' கீழே பெயர், பதவி, சான்றிதழ் எண்.

மூன்றாம் நாள் போன் வந்தது. அவள் ஒரு மளிகைக் கடையில் பழத் தராசின்மேல் இரண்டு கிலோ கல்லை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் பெட்ரா, பயப் பிரிவு மிட்வைஃப். கோட்டைப் பத்தி எழுதினது நீங்கதானே?"

குரலிலேயே தெரிந்தது, இவள் இந்தப் பக்கத்துக்காரி இல்லை. மேற்குக் கடற்கரை. அங்கே ஆட்கள் நினைத்ததை நினைத்த மாதிரியே சொல்லித் தொலைப்பார்கள்.

"நான்தான்."

"நாங்களும் அளந்து பார்த்தோம். நீங்க சொன்னது சரி. எட்டு வருஷமா யாருமே பார்க்கலை, வெட்கக்கேடு. உங்க படிவத்தையும் எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தேழு மில்லிமீட்டர். திருத்திக் கணக்குப் போட்டா..."

"நாலு புள்ளி ஒன்பது" என்றாள் மிர்க்கா.

"அப்பவும் அஞ்சு வரலை."

"வரலை."

"அஞ்சு வரும்னு நினைச்சு எழுதலையா நீங்க?"

"இல்லை. கோடு தப்பா இருந்தது, அதுக்காக எழுதினேன்."

"வேற எதுக்குமில்லை?"

மிர்க்கா பழத் தராசைப் பார்த்தாள். இரண்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம். கடைக்காரர் வாழைப்பழங்களை அடுக்குகிற மாதிரி ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லவேண்டிய இடத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமலிருப்பது அந்த ஊரில் மரியாதைக்குறைவு இல்லை. ஆனால் பெட்ரா வெளியூர்க்காரி அல்லவா, அந்த மௌனத்தைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை ஒன்பதரைக்கு வாங்க."

"எதுக்கு?"

"கோட்டைப் பத்திப் பேசலாம்."

வியாழக்கிழமை மிர்க்கா எஃகு ஸ்கேலோடு போனாள். பயப் பிரிவின் நடைவழியில் ஆறு நாற்காலிகள். மூன்று கர்ப்பிணிகள் ஒன்று விட்டு ஒன்றில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் வந்ததும் யார் பக்கத்திலாவது உட்காரவேண்டிய நிலைமை. அதனால் நின்றுகொண்டாள். ஏழு மாத வயிற்றோடு நிற்கிறவளைப் பார்த்து மூன்று பேருக்கும் சங்கடம்தான், ஆனால் அதையும் யாரும் சொல்லவில்லை.

பெட்ராவின் அறையில் ஒரு தட்டில் ஏலக்காய் பன் இருந்தது. பெட்ராவுக்கு நாற்பது வயதிருக்கும், வெட்டிவிட்ட தலைமுடி, பெரிய கைகள். புதிதாக அச்சடித்த படிவத்தை மேஜைமேல் வைத்தாள்.

"அளந்துக்கோங்க."

மிர்க்கா அளந்தாள். நூறு.

"திருப்தியா?"

"ம்."

"இப்போ மறுபடியும் குறி போடுங்க."

மிர்க்கா பேனாவைக் கையில் பிடித்தாள், போடவில்லை. "ஒரு கேள்வி கேக்கலாமா? பத்துன்னா என்ன?"

"தாங்க முடியாத பயம்."

"அது சொல்லு. நான் அளவைக் கேக்குறேன். ஒரு கிலோன்னா எங்ககிட்ட ஒரு கல்லு இருக்கு. அதோட ஒப்பிட்டுத்தான் மத்ததை எல்லாம் சொல்லுவோம். இதுக்கு எங்க இருக்கு கல்லு?"

பெட்ரா சிரிக்கவில்லை. அதற்காக மிர்க்கா பின்னால் பலமுறை அவளை நன்றியோடு நினைத்துக்கொண்டாள்.

"கல்லு உங்ககிட்டதான் இருக்கு. பத்துன்னா எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

மிர்க்கா யோசித்தாள். யோசிக்கவேண்டிய அவசியமே இல்லாததை யோசித்தாள்.

"பத்துன்னா ஒரு சனிக்கிழமை. காலையில பதினொண்ணு பத்து. ஸ்கேன் பண்ணிட்டிருந்த டாக்டர் திரையைத் தன் பக்கமாத் திருப்பிக்கிட்டாரு."

"சரி. அது பத்து. இப்போ எவ்வளவு?"

"இந்தக் கேள்வி பிரசவத்தைப் பத்தி. பிரசவத்துக்கு எனக்கு அப்படியொண்ணும் பயமில்லை. வலி வந்தா வரட்டும். கத்தி வெச்சாலும் பரவாயில்லை. அதான் நாலு புள்ளி ஏழு."

"கேள்வியை விடுங்க. உங்களைக் கேக்குறேன்."

"காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து அது அசையற வரைக்கும் பத்து. அசைஞ்சதும் ஆறு. வேலை பார்க்கும்போது ஏழு. சாயங்காலம் எட்டு, எட்டரை. முப்பத்தேழாவது வாரத்துக்கு அப்புறம் எவ்வளவு இருக்கும்னு எனக்கே தெரியலை. கோட்டுக்கு வெளியே போயிடும்னு நினைக்கிறேன்."

இதை அவள் மளிகைக் கடைத் தராசின் பிழைகளை வாசிக்கிற குரலிலேயே சொன்னாள். கண்ணில் மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பெட்ரா ஒரு டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

"அப்புறம் எதுக்கு நடுவுல கொண்டுபோய் குறி போட்டீங்க, மிர்க்கா? ஐயோ கடவுளே, எதுக்கு?"

"எனக்கு மேல கஷ்டப்படறவங்க இருப்பாங்க இல்லையா. ஏழு, எட்டு, ஒன்பதெல்லாம் அவங்களுக்கு வேணுமா இருக்கும்னு நினைச்சேன்."

மேஜைமேல் தட்டில் ஒரே ஒரு பன் மிச்சமிருந்தது. காலையிலிருந்து வந்த பெண்கள் ஒவ்வொருவராக எடுத்து, கடைசி ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இந்த நாட்டில் கடைசி பன்னை யாரும் தொடமாட்டார்கள். இன்னொருவருக்கு வேண்டியிருக்கும் என்று விட்டுவைப்பார்கள், அந்த இன்னொருவரும் விட்டுவைப்பார், சாயங்காலம் அது காய்ந்து குப்பைக்குப் போகும்.

பெட்ரா அந்தத் தட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

"எண்ணுக்கு என்ன பஞ்சமா? நீங்க பத்தை எடுத்துக்கிட்டாலும் வெளியில உட்கார்ந்திருக்கறவங்களுக்குப் பத்து அப்படியே இருக்கும். எடுத்துக்கோங்க."

மிர்க்கா பன்னை எடுத்தாள். அதைத் தின்றுகொண்டே, யோவ்னியைத் தவிர யாருக்கும் சொல்லாததைச் சொன்னாள். அந்த சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை குழந்தை குறைவாக அசைகிற மாதிரி இருந்தது. வார்டுக்கு போன் செய்தாள். எடுத்தவள் நல்லபடியாகத்தான் கேட்டாள், கவலையா இருக்கா, வர்றீங்களா என்று. "கொஞ்சம்" என்றாள் மிர்க்கா. "பெருசா ஒண்ணுமில்லை. நாளைக்குப் பார்த்துக்கலாம்." சரி, எப்போ வேணும்னாலும் வாங்க என்றாள் அந்தப் பெண். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வார்டில் கூட்டமாக இருக்கும், நிஜமாகவே அவசரமானவர்கள் இருப்பார்கள் என்று மிர்க்கா படுத்துக்கொண்டாள்.

"முந்தின நாளே வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாராலும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள். "அது நிஜமாத்தான் இருக்கும். ஆனா நான் 'கொஞ்சம்'னு சொன்னேன். கொஞ்சமா இல்லை. வயிறெல்லாம் பயமா இருந்துது. நான் 'கொஞ்சம்'னு சொன்னேன்."

பெட்ரா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒரு பெண் கையைப் பிடித்துக்கொள்வது மிர்க்காவுக்குப் பழக்கமில்லை. கையை இழுத்துக்கொள்ளவேண்டும் என்று தோன்றியது. இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அறுவை சிகிச்சையில் வரக்கூடிய ஆபத்துகளை எல்லாம் பெட்ரா ஒன்று விடாமல் சொன்னாள். மிர்க்கா ஒன்று விடாமல் கேட்டாள். ஒரு டாக்டர் வந்து அதையே மறுபடி சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மார்ச் பத்தொன்பது, புதன்கிழமை, காலை எட்டு மணி.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றாள் பெட்ரா. "அதுக்கு முன்னாடி அசைவுல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா போன் பண்ணணும். போன்ல 'கொஞ்சம்'ங்கற வார்த்தை வாயில வரக்கூடாது. அந்த வார்த்தைக்கு உங்களுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டியாச்சு."

அந்த வாரம் யோவ்னி நிலவறைக்குப் போனான். அரசாங்கம் எல்லாத் தாய்மாருக்கும் கொடுக்கும் குழந்தைத் துணிப்பெட்டி அங்கே, பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பின்னால், ஒன்றரை வருடமாக ஒட்டுநாடா பிரிக்காமல் கிடந்தது. மிர்க்கா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது சவுனா என்னும் நீராவிக் குளியல் அறையின் பலகைகளில் குட்டிக் குட்டிச் சட்டைகளும் காலுறைகளும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவள் கதவருகே நின்று பார்த்தாள்.

"தூசியா இருந்துது" என்றான் யோவ்னி.

"பெட்டிக்குள்ள இருந்ததுல தூசியா?"

"லேசா."

அவனுடைய கண்களும் சிவந்துதான் இருந்தன. சோப்புத்தூள் என்றான். மிர்க்கா நம்பிய மாதிரி தலையாட்டினாள்.

மார்ச் பதினாறு ஞாயிற்றுக்கிழமை. வெளியே நல்ல வெயில், கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. புதன்கிழமைக்கு மூன்று நாள். எட்டு மணிக்கு எழுந்த மிர்க்கா அசைவுக்காகக் காத்திருந்தாள். காபி குடித்தாள். குளிர்ந்த பழச்சாறு குடித்து, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். ஒன்பது மணிக்கு ஒரு சின்ன அசைவு. அசைவா, தன் மூச்சா என்று தெரியவில்லை. ஒன்பதரைக்கு ஒன்றுமில்லை. யோவ்னி சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளைப் பிரித்து வைத்திருந்தான். கால் மணி நேரமாக ஒரு பக்கமும் திருப்பவில்லை.

மிர்க்கா போனை எடுத்தாள்.

"பிரசவ வார்டு" என்றது ஒரு பெண் குரல். சாவோக் குரல்.

"முப்பத்தேழு வாரம் மூணு நாள். காலையிலேர்ந்து குழந்தை சரியா அசையலை."

"அப்படியா. உங்களுக்குக் கவலையா இருக்கா?"

அதே கேள்வி. அந்த வார்த்தை நாக்கின் நுனியில் வந்து, செருப்பு மாட்டிக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்றது. முப்பத்தைந்து வருடம் பழகிய வார்த்தை. மிர்க்கா வாயை மூடினாள். திரும்பத் திறந்தாள்.

"பத்து" என்றாள்.

"என்னது?"

"பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. போன தடவை என் குழந்தை உள்ளேயே செத்துப்போச்சு. நான் இப்பவே வர்றேன். எனக்காக ஒருத்தர் வாசல்ல நிக்கணும்."

சாவோவில் ஒருவர் இவ்வளவு நேராகப் பேசி அந்தப் பெண் கேட்டிருக்கமாட்டாள்.

"நான் நிக்கிறேன்" என்றாள். "வாங்க."

யோவ்னி ஏற்கெனவே காருக்குள் இருந்தான். வீட்டுச் செருப்போடு இருந்தான்.

வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஓட்டமும் நடையுமாக அறைக்குக் கூட்டிப்போய் வயிற்றைச் சுற்றி, இதயத் துடிப்பைக் கேட்கவைக்கும் கருவியின் பட்டையைக் கட்டினாள். இரண்டு விநாடி ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு விநாடி எவ்வளவு நீளம் என்பதற்கு மிர்க்காவிடம் எந்தக் கருவியும் இல்லை. பிறகு குழந்தையின் இதயம் கேட்டது. வேகமாக, அவசரமாக, எங்கேயோ போகவேண்டியது மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. மிர்க்கா வாய்விட்டு அழுதாள். நடைவழிக்கே கேட்கிற மாதிரி அழுதாள், யாருக்கும் தொந்தரவாக இருக்குமே என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை.

டாக்டர் வந்து தாளில் ஓடிய துடிப்புக் கோட்டைப் பார்த்தார், ஸ்கேன் செய்தார். திரையை அவள் பக்கமே வைத்துக்கொண்டார். கோட்டில் ஓரிரு இடங்கள் தனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், ஆனால் புதன்கிழமை வரை உட்கார்ந்து பார்க்க தனக்கு இஷ்டமில்லை என்றார். "இன்னிக்கே எடுத்துடலாமா?"

"எடுத்துடுங்க" என்றாள் மிர்க்கா.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த விநாடியே கத்தியது. தராசுக்காரியின் மகன் கசாப்புக் கடைக்காரரைவிடச் சத்தமாகக் கத்தினான். அவன் கத்தி முடிக்கட்டும் என்று மிர்க்கா இந்தமுறை காத்திருக்கவில்லை, கூடச் சேர்ந்து அவளும் அழுதாள். தொப்பியும் முகமூடியும் வீட்டுச் செருப்புமாகத் தலைமாட்டில் நின்ற யோவ்னி, அவளுடைய நெற்றியில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை.

பிற்பாடு அறைக்கு மிட்வைஃப் ஒரு தள்ளுமேஜையில் தராசைக் கொண்டுவந்தாள். குழந்தையை அதில் கிடத்தினாள். மிர்க்கா படுத்தபடியே திரும்பிப் பார்த்தாள். தராசின் பக்கவாட்டில் ஒரு பச்சைச் சீட்டு, ஓரம் பிய்ந்து, எழுத்து மங்கி ஒட்டியிருந்தது. அது அவளுடைய கையெழுத்து. இரண்டு வருடக் கெடு. அந்த சனிக்கிழமைக்கு அப்புறம் அவள் இந்த வார்டுப் பக்கம் வேலைக்கு வரவில்லை, அலுவலகத்தில் அவளுக்குப் பதில் போகவேண்டியவன் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தான்.

"ரெண்டாயிரத்து தொள்ளாயிரத்து எண்பத்தாறு" என்றாள் மிட்வைஃப்.

"அந்தத் தராசுக்குக் கெடு போன மாசமே முடிஞ்சுபோச்சு" என்றாள் மிர்க்கா.

மிட்வைஃப் குனிந்து சீட்டைப் படித்தாள். "அட ஆமாம். வேற தராசு கொண்டுவரட்டுமா?"

மிர்க்கா தராசைப் பார்த்தாள். இதே தட்டில், இதே பச்சைச் சீட்டுக்குப் பக்கத்தில், ஐலி சத்தமில்லாமல் கிடந்தாள். அப்போது எடை மிகச் சரியாக இருந்தது. இவனோ கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தான், எண் ஒரு இடத்தில் நிற்காமல் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பதினோரு வருடத்தில் இப்படித் துள்ளுகிற எண்ணை அவள் ஏற்றுக்கொண்டதே கிடையாது.

"வேண்டாம்" என்றாள். "சுமாரா எழுதிக்கோங்க. அவனை இங்க குடுங்க."

மிட்வைஃப் குழந்தையை அவளுடைய மார்பில் வைத்துவிட்டுப் போனாள். வெளியே வெயிலில் கூரை சொட்டுகிற சத்தம் கேட்டது. யோவ்னி நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குழந்தையின் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்துக் கேட்டான்.

"இப்போ எவ்வளவு?"

மிர்க்கா உண்மையாகவே அளந்து பார்த்தாள். குறைந்திருக்கும் என்றுதான் நினைத்தாள்.

"பத்துதான்" என்றாள். "இன்னும் பத்துதான் இருக்கு, யோவ்னி. இவன் மூச்சு விடறானான்னே பார்த்துக்கிட்டிருக்கேன்."

யோவ்னி தலையாட்டினான். பயப் பிரிவின் படிவத்தில் அப்பாக்களுக்குக் கோடு கிடையாது. இந்த ஒன்றரை வருடத்தில் அவனை யாரும் கேட்டதில்லை, மிர்க்காவும் கேட்டதில்லை. அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"உனக்கு?" என்றாள்.

அவன் பதில் சொல்லத் தொடங்கினான். பழக்கத்தில் அந்த வார்த்தைதான் முதலில் வந்தது, பாதியிலேயே நின்றது. காலில் கிடந்த வீட்டுச் செருப்பைப் பார்த்தான். இரண்டும் பனியில் நனைந்திருந்தன.

"எனக்கும் பத்து" என்றான். "அப்பவும் பத்துதான்."

ஒரு கை குழந்தையின்மேல் இருக்க, அவள் இன்னொரு கையை அவனிடம் நீட்டினாள்.